பாலை இரட்டிப்பாக்கும் பொடி: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் கறவை ஆடு குட்டி போட்டு நான்கு மாதம் ஆகிறது. பால் குறைந்துகொண்டே வருகிறது. வயிற்றில் நல்ல பாக்டீரியாவைப் பெருக்கிப் பாலை இரட்டிப்பாக்கும் என்று ஒரு புரோபயாடிக் பொடியை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 'இரட்டிப்பு' என்று எழுதியிருந்தாலே டப்பாவை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். குட்டி போட்ட ஆறேழு வாரத்தில் கறவை உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல இறங்குவதுதான் ஆட்டின் இயல்பு.

ஆனால் பாக்டீரியாவுக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு நிஜம். தழையையும் உலர்தீவனத்தையும் ஆட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அதில் அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. புரோப்பியானிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக்கித் தர, மடி அதை லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையாக்குகிறது. லாக்டோஸ் கூடினால் அது தண்ணீரை மடிக்குள் இழுக்கும், பாலின் அளவும் கூடும்.

இதைக் கேட்டுவிட்டுத் தானியத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். தானியம் வேகமாகப் புளித்து அமிலம் ஏறினால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் முடங்கிவிடும். கொழுப்பு குறையும், புழுக்கை குழகுழவென்று போகும், ஆடு தீவனத்தையே ஒதுக்கும். நிழலில் படுத்திருக்கும்போது ஆட்டின் வாயைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நிதானமாக அசைபோட்டால் உமிழ்நீர் நிறைய இறங்கும்; அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை அடக்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் மருந்து இது. தீவனத்தை மாற்றுவதானால் இரண்டு மூன்று வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

சரி, பொடியே வேண்டாமா? இப்படிப்பட்ட சில பொடிகளில் இருக்கும் உயிருள்ள ஈஸ்ட் என்ற நுண்ணுயிரி பெருவயிற்றுக்குள் நுழையும் ஆக்சிஜனை உறிஞ்சி, மற்ற நுண்ணுயிரிகளுக்கு வசதி செய்துதரும். அதனால் சில மந்தைகளில் பால் சற்றுக் கூடுகிறது, சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. வாங்குவதானால் நுண்ணுயிரியின் பெயர், கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல்கள், காலாவதித் தேதி மூன்றும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். 'நல்ல பாக்டீரியா' என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பது வெறும் தவிடாகக்கூட இருக்கலாம். வெயிலில் கிடந்த டப்பா வேண்டாம், சுடுநீரில் கலக்கவும் கூடாது. இரண்டிலும் ஈஸ்ட் செத்துவிடும்.

சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். கொடுக்கும் முன் இரண்டு வாரம், கொடுத்தபின் இரண்டு வாரம், தீவனத்தை மாற்றாமல் தினமும் பாலை அளந்து எழுதிவையுங்கள். இறக்கம் கொஞ்சமும் மட்டுப்படவில்லை என்றால் அடுத்த பாக்கெட் வாங்க வேண்டாம். பால் திடீரென்று பாதியாகிவிட்டால் மட்டும் இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திருக்காமல், மடிநோயா, குடற்புழுவா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.