மழை மூட்டத்தில் குளத்துப் பறவைகளைப் படம் எடுக்க என்ன செய்ய வேண்டும்?

கார்த்திகை, மார்கழிக் காலைகளில் எடுக்கும் பறவைப் படங்கள் இருட்டாகவும் கலங்கலாகவும் வருகின்றன, வெயில் வரும்வரை காத்திருப்பதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். எனக்கு வெயிலைவிட மூட்டம்தான் பிடிக்கும். உச்சி வெயிலில் கொக்கின் உடம்பு வெறும் சுண்ணாம்புப் பூச்சாகிவிடும். மூட்டத்தில் இறகு இறகாகத் தெரியும். நீலத் தாழைக்கோழியின் ஊதா நிறத்தையும் அப்போதுதான் முழுசாகப் பார்க்க முடியும்.

நான் போவது கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022ல் சேர்ந்த இடம் இது.

கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம் குறைவது, அதாவது ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பது. ஐஎஸ்ஓவைக் (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) கூட்டினால் ஷட்டர் வேகத்தையும் கூட்டலாம், ஆனால் பயந்து 400லேயே வைத்திருப்போம். 1600, 3200 என்று தாராளமாகப் போங்கள். புள்ளி புள்ளியாக வந்தால் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம். அசைந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நிற்கும் பறவைக்கு, லென்ஸை மணல் பையில் சாய்த்துக்கொண்டால், 1/250 நொடி ஷட்டர் வேகம் போதும். பறப்பதை எடுக்க 1/1600 வேண்டும். அந்த வெளிச்சத்தில் அது சிரமம், அதனால் நான் காலை எட்டு மணிவரை பறப்பவற்றைக் கண்ணால் மட்டும் பார்ப்பேன்.

இருட்டுக்குக் காரணம் வேறு. வானத்தின் வெண்மை தண்ணீரில் பளபளக்கும். கேமரா அதையே அளந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். நீர்க்காகம் கரித்துண்டு போல ஆகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்டுங்கள். கரும்பச்சைச் சம்புப் புதருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்று படித்திருப்பீர்கள். அது பனிப் பிரதேசத்துக் கவலை, நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே தொல்லை ஈரம்தான். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

அமைப்புகளைவிட முக்கியமானது இடம். முதல் வருடம் நான் கரை மேலே நடந்துகொண்டே இருந்தேன். பறவைகள் விலகிக்கொண்டே இருந்தன. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டு, "மக்களே, நடந்தா ஒண்ணும் நிக்காது. மடைப்பக்கம் போய்ச் சும்மா இரி, மீன் அங்கதான் கூடும்" என்றார். அன்றிலிருந்து மடையருகே தண்ணீர் மட்டத்துக்கு இறங்கி உட்காருகிறேன். தாழ்வாக இருந்து எடுக்கும்போது பின்னணியும் மென்மையாக விலகிவிடுகிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பறக்கும் படத்துக்காகக் கைதட்டியோ கல்லெறிந்தோ கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். நீலச்சிறகி வாத்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கே ஓய்வெடுக்க வருகிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது தின்று சேர்த்த தெம்பு வீணாகிறது.

போன மார்கழியில், தூறலுக்கு நடுவே, ஓர் இலைக்கோழி தாமரை இலைகள் மேல் நடந்து என்னிடமிருந்து பதினைந்து அடி தூரத்துக்கு வந்தது. 1/200, ஐஎஸ்ஓ 3200. முதுகில் நின்ற மழைத்துளிகள்கூட அந்தப் படத்தில் இருக்கின்றன.