விரயத்தைக் குறைத்து வேலையை நடத்தும் லீன் மேலாண்மை கார் தொழிற்சாலைக்குச் சரி, கட்டுமான சைட்டில் எடுபடுமா?

எடுபடும். ஆனால் அப்படியே தூக்கி வந்து வைத்தால் எடுபடாது. லீன் பிறந்த டொயோட்டாவில் கார் நகரும், ஆள் நிற்பார். சைட்டில் கட்டடம் நிற்கும். கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் என்று ஆட்கள்தான் ஒருவர் பின் ஒருவராக நகர்வார்கள். அதனால் விரயத்தில் பெரும்பங்கு காத்திருப்புதான். சிமெண்ட் மூட்டை வீணாவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

1992-இல் லௌரி கொஸ்கெலா என்ற ஆய்வாளர் இந்த லீன் சிந்தனையைக் கட்டுமானத்துக்குப் பொருத்தி எழுதினார். அதைச் சைட்டில் நடக்கும்படி செய்தவர்கள் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும். அவர்களுடைய ‘லாஸ்ட் பிளானர்’ முறையில் வாரத் திட்டத்தை ஆபீஸ் மட்டும் போடாது. வேலை வாங்கும் மேஸ்திரியே “இதை முடித்துத் தருகிறேன்” என்று சொல்ல வேண்டும். “முடியாது” என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

உதாரணமாக, வியாழக்கிழமை ரூஃப் கான்கிரீட். கம்பி கட்டியாயிற்று, ரெடிமிக்ஸ் லாரியும் வாசலில் நிற்கிறது. அப்போதுதான் தெரிகிறது, ஒரு மூலையில் எலக்ட்ரிக்கல் பைப் போடவில்லை! சில வாரங்கள் முன்கூட்டியே பார்த்து இப்படிப்பட்ட தடைகளை எடுத்துவிட்ட வேலை மட்டுமே வாரத் திட்டத்துக்குள் வரலாம்.

அப்புறம், வாரக் கடைசியில் எண்ணுங்கள். சொன்ன 10 வேலையில் 7 முடிந்தால் 70 சதவீதம். முக்கால்வாசி முடிந்த வேலைக்குப் பூஜ்யம்தான். மீதி மூன்றும் ஏன் நின்றன என்று எழுதி வையுங்கள். இந்த எண்ணைக் காட்டி மேஸ்திரியைத் திட்டினால், அடுத்த வாரம் சுலபமான வேலைகளை மட்டுமே எழுதித் தருவார்.