புது டயர் வழுக்குமா? மாற்றும்போதும் மாற்றிய பிறகும் கவனிக்க வேண்டியவை

கேள்வி: பல்சர் 150 வைத்திருக்கிறேன். பின் டயர் 100/90-17, டியூப்லெஸ். மொட்டையாகிவிட்டது. டயர் கடையில் "120 போடுங்க சார், பார்க்கவும் கெத்தா இருக்கும், ரோட்டையும் நல்லா பிடிக்கும்" என்கிறார்கள். புது டயர் கொஞ்ச நாள் வழுக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள் என்கிறார் தெரிந்த மெக்கானிக். 200 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? முன் டயரில் பாதி பட்டன் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டுமா? (வாசகர், திருச்சி)

பதில்: 120 வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். வழுக்கும் என்பது உண்மை. நண்பர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

முதலில் அளவு. 100/90-17 என்றால் டயரின் அகலம் 100 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், அதாவது 90 மி.மீ., ரிம்மின் விட்டம் 17 அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் சுமார் 612 மி.மீ. வரும். 120/80-17 போட்டால் 624 மி.மீ. பன்னிரண்டு மி.மீ. பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் சிக்கல் உயரத்தில் இல்லை, ரிம்மில் இருக்கிறது. 100-க்காகச் செய்த ரிம்மில் 120-ஐத் திணித்தால் இரண்டு விளிம்புகளும் உள்பக்கமாக நெருக்கப்படும், டயரின் நடு முதுகு கூம்பிக்கொள்ளும். அகலமான டயருக்குப் பணம் கொடுத்துவிட்டுக் குறுகிய பட்டையில் ஓடுவீர்கள். வளைவில் சாய்க்கும்போது வண்டி சீராகச் சாயாமல் திடீரென்று விழுவதுபோல இருக்கும். செயின் பக்கமோ மட்கார்டிலோ உரசவும் கூடும். எடை ஏறுவதால் பிக்கப்பும் மைலேஜும் குறையும். பல்சரிலேயே 120/80 பின் டயரோடு வந்த மாடல் உண்டு, அதைக் காட்டிக் கடையில் வாதாடுவார்கள். அந்த மாடலின் ரிம் வேறு. ரிம்மின் அகலம் அதன் மேலேயே அங்குலத்தில் பொறித்திருக்கும். டயர் கம்பெனியின் அட்டவணையில் அந்த அகலத்துக்கு அனுமதித்த அளவைத் தாண்டாதீர்கள்.

அளவுக்குப் பக்கத்தில் 55P என்பதுபோல ஒரு குறி இருக்கும். 55 என்பது அந்த டயர் தாங்கும் எடைக்கான குறியீட்டு எண், அதன் பொருள் 218 கிலோ. P என்றால் மணிக்கு 150 கி.மீ. வரை. பழைய டயரில் இருந்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் டியூப்லெஸ் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கடுத்து, பலரும் பார்க்க மறப்பது தேதி. நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு மாதம், ஒரு வருடம் ஆன டயரில் குறை ஒன்றுமில்லை. இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் வேறு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், குறிப்பாக அந்தக் கடை டயர்களை வாசலில் வெயிலில் அடுக்கி வைக்கும் கடையாக இருந்தால். வெயிலும் ஓசோனும் ரப்பரைக் கெட்டியாக்கும். பட்டன் முழுசாக இருந்தாலும் பிடிமானம் போயிருக்கும்.

கம்பெனியைப் பற்றிக் கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்போம்: எம்.ஆர்.எஃப்., சியட், மதுரைக்காரர்களான டி.வி.எஸ். யூரோகிரிப் என எதிலும் இந்த அளவுக்கு நல்ல டயர் கிடைக்கும். ஒரே கம்பெனியிலேயே கெட்டி ரப்பர் டயரும் மெத்து ரப்பர் டயரும் இருக்கும். முன்னது நாள்பட உழைக்கும், பின்னது ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். தினமும் ஆபீஸ் போய்வர மட்டும் என்றால் முன்னது போதும். மழையிலும் நெடுஞ்சாலையிலும் அதிகம் ஓட்டுபவர் பின்னதை வாங்குவதே நல்லது. டயர் அளவில் 17-க்கு முன்னால் R என்ற எழுத்து இருந்தால் அது ரேடியல், அதாவது உள்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் வகை. உங்கள் முன் டயர் ரேடியல் இல்லையென்றால் பின்னால் மட்டும் ரேடியல் போடாதீர்கள்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டயரின் ஓரத்தில் உள்ள அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைக்க வேண்டும். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதைப் பழசாகவே விட்டு இரண்டு மாதம் கழித்து அது வெடித்துக் காற்று இறங்கினால் டயரைத் திரும்பவும் கழற்ற வேண்டியிருக்கும். வழவழப்புக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். சில கடைகளில் கிரீஸோ ஆயிலோ தடவுவார்கள். பிரேக் பிடிக்கும்போது ரிம்முக்குள் டயர் நழுவுவதற்கு அது ஒரு காரணம். காற்று ஏற்றியதும் ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு இடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே ஓட்டினால் 60-ஐத் தாண்டியதும் பின்பக்கம் குதிக்கும், பிறகு வீல் பேரிங் மேல் பழி போடுவார்கள். உட்கார வைக்கும்போது 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றினாலும், கிளம்பும் முன் வண்டி ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கிவிட வேண்டும். உங்கள் வண்டிக்குப் பின்னால் தனியாக ஓட்ட 28, ஆள் ஏறினால் 32; முன்னால் 25.

பின் சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா, செயின் தொய்வு 20-லிருந்து 30 மி.மீ.க்குள் இருக்கிறதா, பிரேக் பெடல் சரியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, டயருக்குப் பாலிஷ் போட வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பக்கச்சுவரில் பூசிய பாலிஷ் வழிந்து, ரோட்டைத் தொடும் ஓடுதளத்துக்கு வந்துவிடும்.

இப்போது வழுக்கல். டயர் சூடான அச்சுக்குள் வெந்து வருகிறது. அச்சின் உள்பக்கம் எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வழவழப்பாகத்தான் புது ரப்பரின் மேற்பரப்பும் இருக்கும். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் பொருளின் மிச்சமும் அதில் இருக்கலாம். ரோட்டில் உரசி இந்த மேல்தோல் கொஞ்சம் சொரசொரப்பானால்தான் ரப்பர் முழுசாகப் பிடிக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாம் ரப்பருக்குள் இருக்கும் எண்ணெயையும் மெழுகையும் கரைத்து ரப்பரை ஊதவைக்கும், பிறகு அதில் வெடிப்பு விழ வைக்கும். மனம் கேட்கவில்லை என்றால் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். டயரில் முடிபோல நீட்டிக்கொண்டிருப்பது அச்சின் காற்றுத் துளைகளில் நுழைந்த ரப்பர். அதைப் பிய்க்க வேண்டியதில்லை.

டயர் கம்பெனிகள் பலவும் பழக்குவதற்குச் சொல்லும் தூரம் சுமார் 160 கி.மீ. நண்பரின் 200 அதற்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அந்த 200-ஐயும் சென்னை நெடுஞ்சாலையில் நேராக ஓட்டித் தீர்த்தால் டயரின் நடுவில் உள்ள பட்டை மட்டும்தான் பழகியிருக்கும். இரண்டு ஓரமும் கடையிலிருந்து வந்த அன்றுபோல மினுமினுவென்று இருக்கும். அடுத்த நாள் ரவுண்டானாவில் சாய்த்தால் ரோட்டைத் தொடுவது அந்த ஓரம்தான். 'நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு வாரிடுச்சு' என்பார்களே, பல நேரம் காரணம் இதுதான்.

ஆகவே கிலோமீட்டரோடு சாய்வையும் கணக்கில் வையுங்கள். முதல் 20, 30 கி.மீ. காய்ந்த, மண் இல்லாத ரோட்டில் நிமிர்ந்தபடி, 40, 50 வேகத்தில். ஆக்ஸிலேட்டரை முறுக்காமல், பிரேக்கைத் திடீரென்று அழுத்தாமல். அதன் பிறகு அகலமான வளைவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். இடதும் வலதும் சமமாக. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் வலது திருப்பங்கள் பெரிதாகவும் இடது திருப்பங்கள் நறுக்கென்றும் அமையும், ஒரு பக்கம் பின்தங்கிவிடக்கூடும். வண்டியை நிறுத்தியதும் டயரைப் பாருங்கள். மங்கி, நுண்ணிய சொரசொரப்பு ஏறிய இடம் பழகிவிட்டது. கறுப்பாக மினுங்கும் இடம் பழகவில்லை, அதுவரை சாய்க்கும்போது நிதானம் வேண்டும். உப்புத்தாள் தேய்ப்பது சமமாக வராது, ரப்பருக்குச் சூடும் ஏறாது. காற்றைக் குறைத்து ஓட்டினால் சீக்கிரம் பழகும் என்பதும் தவறு. வண்டி அலையும், குழியில் விழுந்தால் ரிம் வளையும்.

ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, சிந்திய டீசல், முதல் மழை: பழகாத டயருக்கு இவை நான்கும் ஆகாது. முடிந்தால் அக்டோபர் மழை வருமுன் மாற்றி, காய்ந்த ரோட்டிலேயே பழக்கிவிடுங்கள். புது டயரோடு மறுநாளே கொல்லிமலை கிளம்பாதீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் டயர் பழக்கும் இடமில்லை.

வண்டி இன்னொரு விதத்திலும் புதிதாகத் தோன்றும். தேய்ந்து தட்டையான டயரோடு மாதக்கணக்கில் ஓட்டிய கைக்கு, உருண்டையான புது டயர் சட்டென்று சாய்வதுபோல இருக்கும். அது கோளாறு அல்ல, கை பழக ஒன்றிரண்டு நாள் ஆகும். நேராகப் போகும்போது ஒரு பக்கம் இழுத்தால் மட்டும் செயின் அட்ஜஸ்டரைப் பாருங்கள்.

மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், காற்றை அளந்து பாருங்கள். இரண்டு பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்திருந்தால் வால்வையும் விளிம்பையும் சோப்பு நுரை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 200 கி.மீ. ஆனதும் ஆக்ஸில் நட்டையும் செயின் தொய்வையும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

முன் டயரைப் பொறுத்தவரை, பாதி பட்டன் இருந்தால் இப்போது தேவையில்லை. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு ரப்பர் மேட்டைப் பாருங்கள். பக்கச்சுவரில் TWI (தேய்மானக் குறி) என்ற எழுத்துக்கு நேராக அது இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மாற்றியாக வேண்டும். ஆனால் டயர் ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தாலோ பக்கச்சுவரில் நுண்வெடிப்பு தெரிந்தாலோ பட்டனைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன் சக்கரத்தின் மேல்தான் சாய்கிறது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் பழக்கும்போது முன் பிரேக்கிலும் அதே நிதானம் வேண்டும்.