சிசிடிவி வைத்தால் இலைப்பேன் தெரியுமா?

கேள்வி: தளி பக்கம் 25 சென்ட் பாலிஹவுஸில் குடைமிளகாய் போட்டிருக்கிறேன். போன வருஷம் இலைப்பேனை (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி, த்ரிப்ஸ்) கவனிக்காமல் விட்டதில் பாதிக் காய் வடு விழுந்து விலை போகவில்லை. நாலு சிசிடிவி கேமரா மாட்டினால் பூச்சி வந்ததுமே போனுக்குத் தகவல் வரும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கேமரா காய் திருட வருகிறவனைக் காட்டும், இலைப்பேனைக் காட்டாது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண சிசிடிவி படத்தில் அகலவாட்டில் 1920 புள்ளிகள் (பிக்சல்) இருக்கும், அது 5 மீட்டர் அகலத்துக்குப் பயிரைப் பார்க்கிறது என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு அரைப் புள்ளிகூடத் தேறாது. இலைப்பேனின் நீளமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், அதுவும் பூவுக்குள் புகுந்து கிடக்கும்.

பூச்சியை எண்ணுவதற்கென்றே செய்த கேமராக்களில் பெரும்பாலானவை செடியைப் பார்ப்பதில்லை. மஞ்சள் அல்லது நீல ஒட்டும் அட்டைக்கு எதிரே பக்கத்தில் நின்று, அதையே திரும்பத் திரும்பப் படம் எடுத்து, ஒட்டியவற்றை மென்பொருள் எண்ணுகிறது. இதில் மொத்த எண்ணிக்கையை விட, நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தூசியையும் தண்ணீர்த் துளியையும் பூச்சி என்று எண்ணிவிடுவதும் நடக்கும், அட்டை நிரம்பிவிட்டால் கணக்கே குழம்பிப்போகும்.

25 சென்டுக்கு இதுவும் உடனே தேவையில்லை என்பேன். உங்கள் போன் 12 மெகாபிக்சல் என்றால், 25 செ.மீ. அட்டையை முழுசாக எடுத்தாலே மில்லிமீட்டருக்குச் சுமார் 16 புள்ளி கிடைக்கும், பெரிதாக்கிப் பார்த்து எண்ண அது போதும். இலைப்பேனுக்கு நீல அட்டை, வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள். வாசல் பக்கமும் காற்று வருகிற ஓரங்களிலும் செடியின் உச்சிக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள், செடி வளர வளர அட்டையையும் ஏற்ற வேண்டும் (பலர் மறப்பது இதைத்தான்). வாரம் இரண்டு முறை அதே அட்டை, அதே தூரம், படம் எடுத்துத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: அட்டையில் பூச்சி இல்லாவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முடியாது. செடியின் சாற்றை உறிஞ்சும் சிலந்திக்கு (வலை பின்னுகிற சிலந்தி இல்லை, மைட் என்கிற நுண்ணுயிர்ப் பூச்சி) இறக்கை கிடையாது, அட்டைக்கு வராது. அதில் ஒரு வகையான மஞ்சள் முரணைச் சிலந்தியோ வெறும் கண்ணுக்கே தெரியாது, கேமரா எண்ணிக்கை பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொழுந்து சுருண்டுவிடும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் இந்தச் சிலந்தி என்று சந்தேகப்படுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், கொழுந்து இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம், பூவை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால் இலைப்பேன் உதிர்ந்து ஓடுவது தெரியும், அதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.