மனிதர்களின் குணத்தைப் பற்றி நீங்கள் கவனித்த வேடிக்கையான உண்மை எது?

கையெழுத்து நன்றாக இருந்தால் எங்கள் பக்கம் ஒரு தண்டனை உண்டு. மொய் எழுத உட்கார வைத்துவிடுவார்கள்.

நான் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்துக்காரன். கல்யாணம், காதுகுத்து போக, ஆடி பிறந்தால் இங்கே மொய் விருந்தும் உண்டு. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போடுவது. ஒருமுறை நடத்தியவர் அடுத்த முறைக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் பேனா பிடித்தேன், இப்போது நாற்பத்து மூன்று. மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்ததுதான்.

பணத்தைக் கொடுத்துவிட்டு யாரும் உடனே நகர மாட்டார்கள். குனிந்து மொய் நோட்டைப் பார்ப்பார்கள். தொகையைச் சரிபார்க்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, பெயரை. "தம்பி, இனிஷியல விட்டுட்டியே." "ரிட்டயர்டு வி.ஏ.ஓ.ன்னு சேத்துப் போடுப்பா." ஒருவர் கொடுத்த 500 ரூபாயை அவசரத்தில் 100 என்று எழுதிவிட்டேன். அவர் கண்ணில் அது படவே இல்லை, பிறகு நானே திருத்தினேன். ஆனால் தன் பெயரை 'ரத்தினம்' என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு, 'ரெ' போட வைத்துவிட்டுத்தான் மனிதர் பந்திக்கே போனார்.

வரிசையில் நிற்பவர்களின் கண் எப்போதும் மேல் வரியில் இருக்கும். முன்னால் போனவர் எவ்வளவு? சட்டைப் பையில் 500, மடியில் இன்னொரு 500 என்று பிரித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பங்காளி பெயருக்கு நேராக ஆயிரம் இருந்தால் மடி அவிழும். இல்லாவிட்டால் அது பத்திரமாக வீடு திரும்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய மொய், புது மொய்க் கணக்கு. நீங்கள் எனக்கு 500 செய்திருந்தால் நான் ஆயிரமாகத் திருப்பிச் செய்வேன். பாதி பழசுக்குக் கழிந்துவிடும், மீதி புது மொய். இப்போது நீங்கள் எனக்குக் கடன். வாங்கிய 500-ஐ அப்படியே 500-ஆகத் திருப்பினால் நேர்மைதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கணக்கை முடித்துக்கொள்வது. இனி உன் வாசலுக்கு நான் வரமாட்டேன் என்று அர்த்தம். பாக்கி இருக்கிறவரைதான் போக்குவரத்து. இதை யார் யோசித்து வைத்தார்களோ, பெரிய மூளை.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்டது. அடுத்த ஆடிக்கு மொய் வராது என்று நினைத்தேன். குறைந்தது உண்மை. ஆனாலும் காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வந்து மொய் செய்த அம்மாக்களுக்கு நான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு யாருமே குனிந்து பார்க்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பணம் எண்ண மெஷின், கையில் ரசீது. குனிந்து பார்த்தவர்கள் இப்போது எட்டி மானிட்டரைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊராரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் நியாயமில்லை. பக்கத்து ஊரில் தூரத்து உறவில் ஒரு மாமா. என் கல்யாணத்துக்கு மொய் செய்யாமல் கைவீசிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். "நமக்குச் செய்யலேன்னா என்ன, நாம செய்வோம்" என்று அவர் மகள் சடங்குக்குப் பெருந்தன்மையாக 500 எழுதிவிட்டும் வந்தேன். போன பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து என் கல்யாண நோட்டு விழுந்தது. நாலாம் பக்கத்தில் அவர் பெயர், இனிஷியலோடு. 1,001.

நோட்டை மூடி பரணிலேயே போட்டுவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் மாமாவைப் பார்த்தபோது, "வாங்க மாப்ள" என்று வழக்கம்போல வாய் நிறையக் கூப்பிட்டார். மறந்துவிட்டாரா, இல்லை தெரிந்தே சிரிக்கிறாரா என்று பிடிபடவில்லை. அவர் வீட்டு நோட்டை எழுதியது யார் என்று மெல்ல விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.