கடல்பாசியில் எரிவாயு: கேட்டவர்களுக்குப் பதில்

மதுரையைச் சுற்றிச் சாண எரிவாயுக் கலன் கட்டுவது என் தொழில். பாசி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

சோழவந்தான்: அண்ணே, மண்டபத்துல ஒதுங்குற பாசியை லாரியில கொண்டாந்தா கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகாது தம்பி. 100 கிலோ ஈரப்பாசியில் சுமார் 85 கிலோ தண்ணீர். 150 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரைச் சுமக்கிறீர்கள். கலனைக் கடலோரத்தில் கட்டுங்கள்.

மேலூர்: கலன்ல எப்படிப் போடணும்?

நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். உப்பு ஏறினால் வாயு தரும் நுண்ணுயிர் மந்தமாகிவிடும். பொடியாக நறுக்கி, சாணத்தோடு பத்தில் ஒரு பங்காகத் தொடங்குங்கள்.

அடுத்தது கந்தகம். பாசி மட்கும்போது அழுகின முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு வரும். என் சோதனைக் கலனில் வடிகட்டி வைக்காமல் விட்டேன். மூன்றே வாரத்தில் பித்தளை வால்வு கறுத்து, திருகும்போது கையில் பொடியாக உதிர்ந்தது. துருப்பிடித்த இரும்புச் சீவல் அடைத்த குழாய் வழியாக வாயுவை விடுங்கள். அழுகின முட்டை வாடை திடீரென்று நின்றால் விலகி ஓடுங்கள். அளவு கூடினால் அந்த வாயு மூக்கை மரக்கடித்துவிடும். கலனுக்குள் தலையை விடவே கூடாது.

உசிலம்பட்டி: ஒரு சிலிண்டர் கேஸுக்கு எவ்வளவு போடணும்?

25 கிலோ சாணத்துக்கு 1 கன மீட்டர் வாயு. அது சுமார் 450 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். 14.2 கிலோவுக்கு 800 கிலோ சாணம் வேண்டும். பாசிக்கு இந்தக் கணக்கு வகைக்கு வகை மாறும்.

திருமங்கலம்: ஒரு சிலிண்டருக்கு எத்தனை கிலோ சார்?

உசிலம்பட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மண்டபம்: குருசடைத் தீவுல பவளத்தை மூடுற கப்பாஃபைகஸை அள்ளி எரிபொருளாக்கலாம்ல?

கப்பாஃபைகஸ் வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த பாசி. 2008-லேயே பதிவான படையெடுப்பு அது, உங்கள் கோபம் நியாயம். ஆனால் குருசடையோடு சேர்த்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது. அதைவிட, பிய்ந்து மிதக்கும் ஒவ்வொரு துண்டும் புதுப்பாசியாக முளைக்கும். வலை போட்டு இழுத்தால் நீங்களே விதைத்த மாதிரி.

மண்டபம், மறுபடி: கரீபியன்ல மட்டும் அள்ளுறாங்களே?

அங்கே 2011 முதல் கரை ஒதுங்குவது மிதந்தே வாழும் சர்காசம் என்ற பாசி. பார்படாஸில் அதை ரம் ஆலைக் கழிவுநீரோடும் ஆட்டுச் சாணத்தோடும் சேர்த்து, கார் ஓட்டும் வாயு எடுத்திருக்கிறார்கள். நம் கட்டக்கோரையும் சர்காசம்தான், ஆனால் பாறையில் ஒட்டி வளர்வது, மீன்குஞ்சு ஒதுங்கும் இடம். அல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்க விலைபோவதால் பாசி எடுக்கும் பெண்களுக்கு அது கூலி. அதை அறுத்து எரிக்காதீர்கள் அய்யா. தானாகக் கரையேறி அழுகுவதை மட்டும் எடுங்கள்.

பேரையூர்: சிலிண்டருக்கு எவ்வளவு...

மேலே இருக்கிறது.

மதுரை: கலன்ல இருந்து வர்ற கழிவுக் குழம்பை மல்லிகைக்கு ஊத்தலாமா?

சாணக் குழம்பு என்றால் தாராளமாக. சர்காசம் சேர்ந்திருந்தால் பொறுங்கம்மா. அது கடலிலிருந்து ஆர்சனிக் என்ற நஞ்சை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பையும் ஆர்சனிக்கையும் ஆய்வகத்தில் பார்த்த பிறகு பாத்தியில் விடுங்கள்.