மயக்கத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.: இதயத்தின் எண் ஏன் குறைந்தது?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற பிறவி இதயக் கோளாறுக்குக் கைக்குழந்தையிலேயே ஆபரேஷன் ஆனது. போன மாதம் விழித்திருந்தபோது எடுத்த எக்கோவில் இடது கீழறையின் இ.எஃப். (ரத்தத்தை வெளியேற்றும் திறனின் அளவு) 62 சதவீதம். இப்போது மயக்க மருந்து கொடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 53. ஒரே மாதத்தில் இதயம் இவ்வளவு பலவீனமாகுமா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதலில், எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் அளக்கும் விதமே வேறு. மயக்கம் கொடுக்காவிட்டாலும் சில புள்ளிகள் வித்தியாசம் வரும்.

அப்புறம், மயக்க மருந்து. கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதுதான் இ.எஃப். செவோஃப்ளூரேன், புரோபோஃபால் போன்ற மயக்க மருந்துகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இதயத் தசையின் சுருக்கத்தையும் சற்றுக் குறைக்கும். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். வலது கீழறைக்கு வேலை கூடும். வெறும் வயிற்றோடு இருந்ததும் சேர்ந்துகொள்ளும். மருந்தின் வேகம் இறங்கியதும் இவை சரியாகிவிடும்.

எண் குறைவதைவிட எனக்குக் கவலை தருவது, கோளாறு சிறிதாகத் தெரிவதுதான். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் மைட்ரல் வால்வின் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு) கசிவு குறைவாகத் தெரியும். ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் குறுகலான இடத்தின் அழுத்த வித்தியாசமும் குறைவாகவே பதிவாகும். உங்கள் மகளின் விஷயத்தில் வலது கீழறையின் கொள்ளளவு முக்கியம். நுரையீரல் வால்வை எப்போது மாற்றுவது என்ற முடிவில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வென்டிலேட்டரில் இருக்கும்போது அதுவும் சிறிதாகப் பதிவாகலாம்.

அதற்காக மயக்க மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தை அசைந்தால் படம் கலங்கி, எந்த அளவையும் நம்ப முடியாமல் போகும். என்ன மருந்து கொடுத்தார்கள், தானாகச் சுவாசித்தாளா, அப்போது ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எவ்வளவு என்று கேட்டு, அறிக்கையோடு எழுதி வையுங்கள். அடுத்த எம்.ஆர்.ஐ.யை ஒப்பிட இவை தேவைப்படும். இடையில் ஒரு எக்கோவை விழிப்பில், முன்பு எடுத்த அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். அதிலும் குறைந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

ஆனால் விளையாடும்போது சீக்கிரம் களைப்பது, மூச்சு வாங்குவது, படபடப்பு இருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். மயங்கி விழுந்தால் அன்றே, உடனே போங்கள்.